பின்கதவு இல்லாத வண்டி

கதவு சாத்திய சத்தமே தனியாக இருந்தது. படார் என்று இல்லை. தொப்பென்று ஒரு கனத்த சத்தம், அதோடு வெளியே அவிநாசி ரோட்டில் போகிற லாரி, ஹாரன், வெல்டிங் பட்டறை இரைச்சல் எல்லாம் அடங்கிவிட்டன. மேலே துணிக்கூரைதான் என்கிறார்கள், அதற்கே இவ்வளவு அமைதியா. தெய்வசிகாமணிக்கு ஒரு கணம் காதுதான் அடைத்துவிட்டதோ என்று பயமாகக்கூட இருந்தது. அறுபதைத் தாண்டிவிட்டால் எது அடைத்தாலும் பயம்தான். ஸ்டியரிங்கின் தோல் உறை வெயிலில் சூடேறிக் கையில் ஒட்டியது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த நவநீதன், இந்தப் பழைய கார் விற்கிற கடையின் ஆள், மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தான். "பெருசும் இல்ல, சிறுசும் இல்லீங்க சார், நடுவாந்தரமான வண்டி. பொள்ளாச்சி போய்ட்டு வந்தாலும் இடுப்புன்னு ஒண்ணு இருக்கறதே தெரியாதுங்க. பட்டனை அமுக்குனாக் கூரை திறந்துக்கும். மொத ஓனரு இதுக்குக் கொடுத்த காசுல வீடே கட்டிருக்கலாம். இப்பச் சாதாரண நாலு டோர் வண்டி விலைக்கு வந்து நிக்குது பாருங்க." ஏன் அப்படி இறங்கியது என்று கேட்கத் தோன்றியது, கேட்டார். பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவில் காலம் தள்ளியவருக்கு எந்த எண் இறங்கினாலும் காரணம் தெரிந்தாக வேண்டும். நவநீதன் சிரித்தான். "அதொண்ணுமில்லீங்க சார். குடும்பஸ்தன் எவனும் வாங்க மாட்டான். குழந்தைகுட்டிய எந்தக் கதவுல ஏத்தறது?" சொல்லிவிட்டு அவன் ஏசியைப் போட்டான். குளிர்காற்று முகத்தில் அடித்தது. நல்ல பையன், ஒன்றும் தெரியாமல்தான் சொன்னான், தெரிந்திருந்தால் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பான், எல்லோரும் அப்படித்தான் கடித்துக்கொள்கிறார்கள், போன ஆடியிலிருந்து தெய்வசிகாமணி யாரிடம் பேசினாலும் அவர்கள் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகிறார்கள். இவனாவது முழு வாக்கியம் பேசினான்.

கண்ணாடிக்கு வெளியே, புங்கமர நிழலில், சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் மனைவி பூங்கோதை உட்கார்ந்திருந்தாள். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், ஒரு சின்னத் துண்டு, ஒரு பாக்கெட் பால் பிஸ்கட், ஒரு மாற்றுச் சட்டை. மகன் கவினின் சட்டை. இருபத்தேழு வயது ஆளின் பெரிய சட்டை. இன்னும் எடுத்து வைக்கவில்லை அவள், எடுத்து வை என்று சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை. எதற்கு இங்கே கூட்டிவந்தார் என்றும் அவள் கேட்கவில்லை. "ஒரு வண்டி பாக்கலாம், வா" என்றதும் பையை எடுத்துக்கொண்டு வந்து காரில் ஏறிவிட்டாள். எங்கே ஏறினாள்? பின்னால்தான். அங்கேதானே ஏறுவாள். அவருடைய சீட்டுக்குப் பின்னால், வலது பக்க ஜன்னலோரம், அவளுடைய இடது பக்கம் காலியாக. அந்தக் காலி இடத்துக்காகத்தான் இந்த வண்டி. யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பார்கள், ரிட்டயர்டு ஆன மனுஷனுக்கு வாலிபம் திரும்பிவிட்டது என்பார்கள், என்னவோ சொல்லிவிட்டுப் போகட்டும். கவின் போன பிறகும் கோதை பின்னால்தான் உட்காருகிறாள். மருந்துக்கடைக்கு, ரேஷன் கடைக்கு, சிங்காநல்லூரில் அவள் தங்கை வீட்டுக்கு, எங்கே போனாலும் பின்னால். முன்னால் வா என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். "இங்கயே இருக்கறனுங்க" என்றாள். மூன்றாவது தடவை சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. பிரேக் போடும்போதெல்லாம் அவள் இடது கை தானாக நீண்டு, காலியான இடத்தின் குறுக்கே நிற்கிறது. யாரும் முன்னால் சாய்ந்து விழுந்துவிடக் கூடாது என்று. அதை அவர் கண்ணாடியில் பார்க்கிறார். பார்த்துவிட்டு ரோட்டைப் பார்க்கிறார். ரோடு கொஞ்ச நேரம் கலங்கலாகத் தெரிகிறது. ஒருநாள் அப்படித்தான் ஒண்டிப்புதூர் பக்கம் ஒரு டிவிஎஸ் ஃபிப்டிக்காரன் மேல் ஏற்றப் பார்த்துவிட்டார். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தபோதுதான் தோன்றியது, பின்கதவே இல்லாத வண்டி ஒன்று வாங்கிவிட்டால்? அப்போது அவள் எங்கே போவாள்? முன்னால் வந்துதானே ஆக வேண்டும், அவர் பக்கத்தில்? தந்திரம்தான். கட்டின பெண்டாட்டியைப் பக்கத்தில் உட்காரவைக்க ஒரு மனுஷன் இவ்வளவு பெரிய தந்திரம் செய்ய வேண்டியிருக்கிறது.

"ஓட்டிப் பாக்கறீங்களா சார்?" ஓட்டலாம், ஓட்டலாம், கொஞ்சம் பொறு தம்பி. அவர் சீட்டை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தார். பட்டன் தொட்டால் போதும், முனகிக்கொண்டு நகர்கிறது. கண்ணாடியைச் சரிசெய்யக் கை மேலே போயிற்று. போன கை, கண்ணாடியை ரோட்டுக்குத் திருப்பாமல் கீழே சாய்த்தது. பின்சீட்டின் முகங்கள் தெரிகிற அளவுக்கு. பழக்கம். இருபது வருஷத்துக்கு மேலாக அவர் ரோட்டை இரண்டு பக்கக் கண்ணாடியில்தான் பார்த்தார், நடுக்கண்ணாடி கவினுக்கு. சிக்னலில் நிற்கும்போது அந்தக் கண்ணாடியில் இரண்டு பேரும் தெரிவார்கள், மாநிறத்தில் பெரிய முகமாக மகன், அவன் தோளுக்குத் தலை எட்டாமல் சின்னதாக அம்மா. வண்டியில் ஏறிவிட்டால் அவனைப்போலச் சமர்த்து உலகத்தில் கிடையாது. வீட்டில் ஒரு வாய் சோற்றுக்கு ஒரு மணி நேரம், குளிக்கவைப்பது தனிப் போர், ஆனால் வண்டிச் சாவிச் சத்தம் கேட்டால் போதும், செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு வந்து நிற்பான். வீட்டிலிருந்து அவன் பள்ளி வரைக்கும் எத்தனை ஸ்பீட் பிரேக்கர் என்பது அவனுக்கு மனப்பாடம். பேச்சு வராதவன், எண்ணத் தெரியாதவன், ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் கொஞ்சம் முன்னாலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவான். வரப்போகிறது, வரப்போகிறது என்று உடம்பெல்லாம் குலுங்கும். வண்டி ஏறி இறங்கியதும் ஹோ என்று ஒரு கத்து. கார்ப்பரேஷன்காரன் புதிதாக ஒன்று போட்டுவிட்டால் அன்றைக்கு அவனுக்குத் தீபாவளி. ஊரே சாபம் விடுகிற ஸ்பீட் பிரேக்கருக்காக ஒரு ஜீவன் காத்திருந்தது. இப்போதும் அந்த ரோட்டில் அவை எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் தெய்வசிகாமணியின் காது தானாகப் பின்பக்கம் போய்க் காத்திருக்கும், டயர் ஏறும், இறங்கும், ஒன்றும் கேட்காது. அந்த ஒன்றும் கேட்காததுதான் தாங்க முடியவில்லை.

கல்யாணமான புதிதில், இதே ரோட்டில்தான், ஒரு மில் முதலாளி வீட்டுப் பிள்ளை இரண்டு கதவு வண்டியில் கூரையைத் திறந்துவிட்டுக்கொண்டு போனதை ஸ்கூட்டரில் நின்று பார்த்தார்கள். ஒருநாள் அப்படி ஒன்று வாங்குகிறேன் பார் என்று இவர் வீறாப்பாகச் சொல்ல, பின்னால் உட்கார்ந்திருந்த கோதை, "அதுல ரெண்டு பேர்தானே போக முடியும், மூணாவது ஆள் வந்தா?" என்று முதுகில் கிள்ளினாள். "மடியில வெச்சுக்கலாம்" என்றார். அந்த வருஷமே முதல் கார், பழையதுதான், நாலு கதவு. அப்போது கோதை முன்னால் உட்காருவாள். கால் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டுக்கொள்வாள், கமலா ஆரஞ்சு உரித்துச் சுளை சுளையாக அவர் வாயில் போடுவாள், கொட்டையைத் துப்பக் கையை நீட்டுவாள். கொட்டைக்குக் கை நீட்டுகிற பெண்டாட்டி எத்தனை பேருக்குக் கிடைக்கும். அப்புறம் மூன்றாவது ஆள் வந்தான். மடியில்தான் வைத்துக்கொண்டாள், முன்னால்தான். மூன்று வயதுக்கு மேல் அவன் ஓடுகிற வண்டியில் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்க ஆரம்பித்ததும் இரண்டு பேரும் பின்னால் போனார்கள். கொஞ்ச நாளைக்குத்தான் என்று போனார்கள். ஒருநாள் அவன் கதவைத் திறந்துவிட்டான், ஓடும் வண்டியில், நல்லவேளை கோதை சட்டையைப் பிடித்தாள். அன்றைக்கு இடது பின்கதவில் உள்ளேயிருந்து திறக்க முடியாதபடி பூட்டைத் தட்டிவிட்டார். அது தட்டினது தட்டினதுதான். எங்கே போய் நின்றாலும் இவர்தான் இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு போய், வெளியேயிருந்து அந்தக் கதவைத் திறக்க வேண்டும். கவின் காலை நீட்டிக்கொண்டு மகாராஜா மாதிரிக் காத்திருப்பான். சூலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் இதைப் பார்த்த வாட்ச்மேன், "டிரைவருக்குச் சாப்பாடு பின்னால அக்கட்டால போடறாங்க" என்று கை காட்டிவிட்டான். இவரும் வீம்புக்குப் போய் டிரைவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டே வந்தார். மண்டபத்துச் சாம்பாரைவிட அங்கே சாம்பார் நன்றாக இருந்தது. கோதை அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தாள். "ஏனுங்க டிரைவரே, வண்டிய எடுங்க" என்பாள். இப்போது அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. அதுதான் பயம். கவின், நுரையீரலில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் போனபோதும் அழவில்லை. வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பேசினார்கள். ஒரு வகையில நல்லதுதானுங்க, உங்களுக்குப் பொறகு அவன யாரு பாத்துக்குவாங்க. யாருமே அதை ஒப்புக்குச் சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னார்கள். அவரே மருதமலையில் எத்தனை தடவை வேண்டியிருக்கிறார், முருகா, இவனுக்கு முன்னால் எங்களைக் கூப்பிட்டுவிடாதே, ஒருநாளாவது இவனுக்குப் பின்னால் இருக்கவிடு என்று. இப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்ற எல்லோரும் வேண்டிக்கொள்வதுதான் அது. வேண்டியது கிடைத்துவிட்டது. ஒருநாள் கேட்டார், ஒவ்வொரு நாளாக வந்துகொண்டே இருக்கிறது.

"சார், அம்மாவையும் கூப்டுட்டா ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துரலாங்க." ஆமாம், அவளைக் கூப்பிட வேண்டும். அவர் இறங்கினார். இறங்கி, முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு, அந்தப் பக்கம் இறங்கிய நவநீதனைத் தாண்டி நடந்து, இடது பக்கம் பின்னால் போய்க் கையை நீட்டினார். கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. வழவழப்பான தகடு, வெயிலில் கொதித்தது. உள்ளங்கை அதன்மேல் கொஞ்ச தூரம் தடவிக்கொண்டு போயிற்று, அந்தக் கைப்பிடி எங்கே, எங்கேதான் போய்விட்டது, உள்ளே பிள்ளை காத்துக்கொண்டிருப்பானே என்று ஒரு கணம் நெஞ்சு அடித்துக்கொண்டது. பிறகு எல்லாம் நினைவுக்கு வந்தது. நவநீதன் பார்த்துக்கொண்டிருந்தான். "பெயிண்டெல்லாம் கம்பெனி பெயிண்டுங்க சார், தட்டுனதே கிடையாது" என்றான். தெய்வசிகாமணி தலையாட்டினார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

கோதை எழுந்து வந்தாள். நடை தளர்ந்துவிட்டது, மகனைத் தூக்கித் தூக்கி வளர்ந்த தோள்கள் மட்டும் இன்னும் அகலமாக இருந்தன. அதற்குள் நவநீதன் பட்டனை அமுக்கியிருந்தான், கூரை குடை மடங்குவதுபோல மடங்கிப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. உள்ளே வெயில் விழுந்தது. கோதை வண்டியைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள், அவர் முகத்தை ஒருமுறை பார்த்தாள். "பின்னாடி கதவு எங்கீங்க?"

"இதுக்கு இல்ல கோதை. ரெண்டே கதவுதான்." மனப்பாடம் செய்துகொண்டு வந்தது எல்லாம் கலைந்துபோயிற்று. "நீ முன்னாடி உக்காந்துக்க. சீட்டு நல்லா மெத்துனு இருக்குது. உனக்கு முழங்கால் வலிக்கு..."

அவள் பதில் சொல்வதற்குள், பாழாய்ப்போன நவநீதன், விற்பனைக்காரன் புத்தி, அவனுக்கென்ன தெரியும், முன்சீட்டின் தோளில் இருந்த கொக்கியை இழுத்து அதை மடக்கிவிட்டான். "கதவுதானுங்கம்மா இல்ல, பின்னாடி எடம் இருக்குதுங்க, ரெண்டு பேரு தாராளமா உக்காரலாம்." கோதை உள்ளே எட்டிப் பார்த்தாள். சேலையை ஒருகையால் சுருட்டிப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். வேண்டாம் கோதை, வேண்டாம், உனக்காகத்தானே இத்தனையும், வேண்டாம்டி. அவர் மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே அவள் அந்தச் சந்தில் உடம்பை நுழைத்து, முழங்கால் இடித்து, ஒரு முனகல் முனகி, அந்தப் பக்கமாக நகர்ந்து டிரைவர் சீட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். பையை மடியில் வைத்தாள். இடது பக்கம் காலி. அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். போயிற்று. எல்லாம் போயிற்று. நாலு கதவை இரண்டாக்கினால் என்ன, ஒன்றாக்கினால்தான் என்ன, ஜன்னல் வழியாக ஏறியாவது அவள் அங்கேதான் போவாள், அவருக்குப் பக்கத்தில் இனி யாரும் வரப்போவதில்லை, சாகிறவரைக்கும் அவர் டிரைவர்தான். கோபம் வந்தது, செத்துப்போன பிள்ளை மேலேயே கோபம் வந்தது, அந்தக் கோபத்தின் அடியிலேயே அழுகையும் வந்தது. கோதை அதைப் பார்த்திருக்க வேண்டும். அவளுக்குத் தெரியாமல் அவர் முகத்தில் என்ன நடந்துவிடும்.

"தெரியுமுங்க எனக்கு, எதுக்கு இந்த வண்டின்னு" என்றாள். நவநீதனுக்குக் கேட்காத குரலில். "நான் முன்னாடி வந்துட்டா அவன் தனியா இருப்பானுங்க."

அந்தப் புங்கமரத்தில் எதுவோ கத்தியது. ரோட்டில் பஸ் போயிற்று. அவன் தனியா இருப்பான். எட்டு மாதமாக இவர் கண்ணாடியில் பார்த்தது காலி இடத்தை, அவள் காலி இடம் என்று நினைக்கவே இல்லை. இவர் மட்டும்தான் முன்னால் தனியாகக் காலி இடத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். சாவியை எடுத்து நவநீதனிடம் நீட்டினார். "நீங்களே ஓட்டுங்க தம்பி."

"சார், நீங்க ஓட்டிப் பாத்தாத்தானுங்களே வண்டி..."

"உக்காந்து பாக்கறேன்."

மடங்கியிருந்த முன்சீட்டுக்குப் பின்னால் அவர் குனிந்து நுழைந்தார். அந்தக் காலத்து ஆள் உயரம், முழங்கால் மார்பை முட்டியது, தோள் அவள் தோளை இடித்தது. கோதை நகர்ந்து இடம் விடவில்லை, நகர இடமும் இல்லை. நவநீதன் சீட்டை நிமிர்த்தி, கதவைச் சாத்தி, அந்தப் பக்கம் போய் ஏறி, இரண்டு பேரையும் கண்ணாடியில் ஒருமுறை விநோதமாகப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான். கூரை இல்லாததால் வானம் அப்படியே மேலே கிடந்தது. மரக்கிளை, கரன்ட் கம்பி, விளம்பரப் பலகை எல்லாம் தலைக்கு மேல் பின்னோக்கிப் போயின. அடடா, கவினுக்கு இது பிடித்திருக்கும். ஜன்னலைப் பூட்டிப் பூட்டி வைத்தோமே, கையை வெளியே நீட்டிவிடுவான் என்று, இதில் இரண்டு கையையும் மேலே தூக்கியிருப்பான். முன்னால் பார்த்தால் ஓட்டுகிறவனின் பின்மண்டை தெரிந்தது, காதுக்குப் பின்னால் ஒரு மச்சம், கழுத்தில் வியர்வை. இவ்வளவுதானா தெரியும் இங்கேயிருந்து? இத்தனை வருஷம் இவர்கள் இரண்டு பேரும் பார்த்தது தன்னுடைய பின்மண்டையைத்தானா? அது எப்படி இருந்திருக்கும், எப்போது நரைக்க ஆரம்பித்தது என்று கோதைக்குத் தெரிந்திருக்கும், அவனுக்கும் தெரிந்திருக்கும். இந்த இடத்தில் அவர் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. ஒருநாள்கூட. ஒரு டிரைவரை வைத்துக்கொண்டு ஒரேயொரு நாள் அவனுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வந்திருக்கலாம், தோன்றவே இல்லையே. காற்றில் கோதையின் முந்தானை பறந்து அவர் முகத்தில் விழுந்தது, எடுத்து அவள் மடியில் வைத்தார். பீளமேடு பக்கமாகத் திரும்பும் தெருவில் தூரத்திலேயே மஞ்சள் கோடு தெரிந்தது. ஸ்பீட் பிரேக்கர். இரண்டு பேருக்கும் தெரிந்தது, இரண்டு பேர் உடம்பும் ஒரே நேரத்தில் இறுகியது, இரண்டு பேரும் கேட்க வேண்டியதைக் கேட்கக் காத்திருந்தார்கள். வேறெங்கோ கவனமாக இருந்த நவநீதன் அதைக் கடைசியில்தான் பார்த்தான். பிரேக்கை அழுத்தினான். வண்டி முன்னால் குனிந்தது. கோதையின் இடது கை நீண்டு வந்து அவர் மார்பின் குறுக்கே விழுந்தது.

கண்ணாடியில் பார்த்தபோது அது ஏதோ லேசாக நீட்டுகிற கை மாதிரித்தான் இருந்தது. அப்படி இல்லை. மூச்சு நின்றுபோகிற அளவுக்குப் பலம் அதில். வண்டி ஏறி, இறங்கி, மெதுவாக உருண்டது. அவள் கை எதிரே ஒரு உடம்பைத் தொட்டுவிட்டது, சூடான, மூச்சு விடுகிற உடம்பை. விரல்கள் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தன. அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். யார் என்று பார்த்தாள். பிறகு ஆடி மாதத்திலிருந்து வராத சத்தம் அவள் தொண்டையிலிருந்து வந்தது, ஒரு தெரு முழுக்கக் கேட்கிற சத்தம், கூரை இல்லாத வண்டியில் அதை மூடி வைக்க எதுவும் இல்லை.

நவநீதன் கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல், வண்டிச் சத்தமோ வேறு எதுவோ என்று நினைத்து, உரக்கக் கேட்டான். "எப்படிங்க சார், பின்னாடி சௌகரியமா இருக்குதுங்களா?"

தெய்வசிகாமணி தன் மார்பின் மேல் கிடந்த கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.